ஜப்பானில் ஹோம்ஸ்டே: பரிமாற்ற மாணவரும் விருந்தோம்பும் குடும்பமும்

பரிமாற்றத் திட்டத்தின்கீழ் வேறொரு நாட்டுக்குப் படிக்கச் செல்லும் மாணவர், அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அக்குடும்பத்தில் ஒருவராகத் தங்கி வாழும் முறை ஹோம்ஸ்டே எனப்படுகிறது. மாணவரை ஏற்றுக்கொள்ளும் குடும்பம் விருந்தோம்பும் குடும்பம் எனப்படும். விடுதியில் தங்கும் மாணவருக்கு அந்த நாடு வகுப்பறையிலும் தெருவிலும் மட்டுமே அறிமுகமாகிறது. குடும்பத்தில் தங்கும் மாணவருக்கோ சமையலறை, குளியலறை, சாப்பாட்டு மேசை ஆகியவற்றின் வழியாக அறிமுகமாகிறது. மொழியும் பழக்கவழக்கமும் விரைவாகக் கைவருவது இதன் பயன். பழக்கமில்லாத ஒரு வீட்டின் ஒழுங்குக்குள் இரவு பகலாக வாழவேண்டியிருப்பது இதன் கடினம். இக்கட்டுரை, ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிப் பரிமாற்ற மாணவராகச் செல்பவர் குடும்ப வாழ்வுக்குப் பழகும் விதத்தை விளக்குகிறது.

தோற்றம்

வெளிநாட்டு இளைஞர்களைக் குடும்பங்களில் தங்கவைத்து நாடுகளுக்கிடையே நல்லுறவு வளர்க்கும் முயற்சி, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உருப்பெற்றது. 1932இல் அமெரிக்கரான டொனால்டு வாட் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்னும் அமைப்பு இதில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஏ.எஃப்.எஸ். என்று இன்று அறியப்படும் அமைப்பு, முதல் உலகப் போரில் காயமடைந்த படையினரை மருத்துவ ஊர்திகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களால் உருவானது. போரின் கொடுமையை நேரில் கண்ட அவர்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மாணவர் பரிமாற்றத்தைக் கையில் எடுத்தனர். 1947இல் 10 நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்கள் இத்திட்டத்தில் அமெரிக்கா சென்றனர். ஜப்பானிய மாணவர்கள் 1954 முதல் இதில் பங்குபெற்றனர்.

ரோட்டரி சங்கங்களின் இளைஞர் பரிமாற்றத் திட்டமும் ஜப்பானில் நடைபெறுகிறது. இதில் நீண்டகாலம் தங்கும் மாணவர் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறி மாறித் தங்குவார். 2018இல் ஜப்பானியக் கல்வி அமைச்சின் ஆதரவுடன் 'ககெஹஷி' திட்டம் தொடங்கியது. இச்சொல்லுக்குப் பாலம் என்று பொருள். இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதன்வழி ஜப்பானுக்குச் சென்றனர்.

ஏ.எஃப்.எஸ். போன்ற திட்டங்களில் மாணவரை ஏற்கும் குடும்பங்கள் அதற்கென ஊதியம் பெறுவதில்லை. தங்கள் பிள்ளைகளுக்குப் பிற நாட்டவரோடு பழகும் வாய்ப்பு கிடைக்கட்டும் என்பதற்காகவும், முன்பு தாங்களோ தங்கள் பிள்ளைகளோ வெளிநாட்டில் பெற்ற விருந்தோம்பலுக்குக் கைம்மாறாகவும் பலர் முன்வருகின்றனர். மொழிப் பள்ளிகள் ஏற்பாடு செய்யும் கட்டண ஹோம்ஸ்டே இதிலிருந்து வேறுபட்டது. அங்கே மாணவர் பணம் செலுத்தித் தங்குகிறார். இந்த வேறுபாட்டை மாணவர் அறிந்திருப்பது முக்கியம். ஊதியமின்றித் தம் வீட்டைத் திறந்துவிட்ட குடும்பத்திடம் வாடிக்கையாளர்போல நடந்துகொள்வதே பல மனக்கசப்புகளுக்குத் தொடக்கமாகிறது.

விருந்தினர் நிலையிலிருந்து குடும்பத்தவர் நிலைக்கு

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது தமிழ்ப் பழமொழி. ஹோம்ஸ்டே மாணவரின் நிலைக்கு இது நன்கு பொருந்தும். வந்த முதல் சில நாட்கள் அவர் விருந்தினர். சிறப்பு உணவு சமைக்கப்படும், குளிக்க முதல் முறை தரப்படும், பாத்திரத்தைத் தொடவும் விடமாட்டார்கள். ஜப்பானிய மொழியில் இந்நிலை 'ஒக்யாகுஸான்', அதாவது விருந்தினர், என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. பத்து மாதமும் இப்படியே நீடித்தால் இரு தரப்பும் களைத்துப்போவர். குடும்பத்துக்கு அது சுமை. மாணவருக்கோ தாம் வெளியாள் என்ற எண்ணம் நீங்குவதில்லை.

ஆகவே முதல் வாரத்திலேயே வீட்டு வேலையில் தம் பங்கு எது என்று மாணவர் தாமாகக் கேட்பது நல்லது. சாப்பாட்டு மேசையைத் துடைப்பது, பாத்திரம் கழுவுவது, குளியல் தொட்டியைத் தேய்ப்பது, காய்ந்த துணியை மடிப்பது போன்றவை வழக்கமாகப் பிள்ளைகளுக்குத் தரப்படும் வேலைகள். 'வேண்டாம், இருக்கட்டும்' என்ற மறுமொழி முதலில் வரக்கூடும். இரண்டாம் முறையும் கேட்டால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு வேலை கிடைத்துவிடும்.

அழைக்கும் முறையும் இந்த மாற்றத்துக்கு உதவுகிறது. வீட்டுத் தலைவியை 'ஒகாஸான்' (அம்மா) என்றும், தலைவரை 'ஒதோஸான்' (அப்பா) என்றும் மாணவர் அழைப்பது வழக்கம். மூத்த பிள்ளைகள் 'ஒனீஸான்' (அண்ணன்), 'ஒனேஸான்' (அக்கா) ஆவர். பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் முறைவைத்து அழைக்கும் வழக்கம் தமிழ் மாணவருக்குப் புதிதன்று. எனினும் சில குடும்பத்தினர் தங்கள் பெயரால் அழைக்கப்படுவதையே விரும்புவர். ஆகவே எப்படி அழைக்கவேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுவது முறை.

வாசலும் வாழ்த்துச் சொற்களும்

ஜப்பானிய வீட்டின் நுழைவிடம் 'கென்கான்' எனப்படும். இது வீட்டின் தரையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கும். காலணியை இங்கே கழற்றி, அதன் முன்பகுதி வெளியே பார்க்குமாறு திருப்பி வைத்துவிட்டு மேலே ஏறவேண்டும். உள்ளே அணிய வீட்டுச் செருப்பு தரப்படும். ததாமி என்னும் பாய் பரப்பிய அறைக்குள் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்குள் தனிச் செருப்பு இருக்கும். அதை அணிந்தபடியே வெளியே நடந்து வருவது புதியவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு. வீட்டார் பெரும்பாலும் சிரித்துவிட்டு விட்டுவிடுவர்.

வீட்டைவிட்டுக் கிளம்புபவர் 'இத்தெகிமஸ்' என்று சொல்ல, வீட்டிலிருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்று வழியனுப்புவர். 'இத்தெகிமஸ்' என்பதன் நேர்ப்பொருள் 'போய் வருகிறேன்'. 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லிப் பழகிய தமிழ் மாணவருக்கு இச்சொல்லின் அமைப்பும் உணர்வும் எளிதில் பிடிபடும். திரும்பி வருபவர் 'ததைமா' என்பார். உள்ளிருந்து 'ஒகாயெரி' என்று மறுமொழி வரும். இவை வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. யார் வீட்டில் இருக்கிறார், யார் வெளியே சென்றார் என்பதை வீடு இவற்றால் அறிகிறது. ஓசையின்றி வந்து அறைக்குள் சென்றுவிடும் மாணவர், ஏதோ மனக்குறையில் இருப்பதாகக் குடும்பம் எண்ணிக்கொள்ள இடமுண்டு.

குளியல்

'ஒஃபுரோ' எனப்படும் குளியல் தொட்டி உடலை இளைப்பாற்றுவதற்கானது, அழுக்கைப் போக்குவதற்கானது அன்று. தொட்டிக்கு வெளியே அமர்ந்து சோப்பு தேய்த்து, நுரை முழுவதும் போகக் கழுவியபின்பே வெந்நீரில் இறங்கவேண்டும். ஒரே நீரில் குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். பல வீடுகளில் எஞ்சிய நீர் மறுநாள் துணி துவைக்கவும் பயன்படுகிறது. எனவே தொட்டிக்குள் சோப்பைக் கொண்டுசெல்வதும், குளித்து முடித்தபின் நீரைத் திறந்து விட்டுவிடுவதும் கூடாது. நீர் ஆறாமலிருக்க மூடியை மூடிவிட்டு வரவேண்டும். தலையில் எண்ணெய் தேய்க்கும் வழக்கமுள்ளவர்கள், முதலில் எண்ணெய் போகத் தலையை அலசி, நீண்ட கூந்தலை முடிந்துகொண்டு இறங்குவது நல்லது.

குளிக்கும் வரிசையும் நேரமும் வீட்டுக்கு வீடு மாறும். ஒருவர் தாமதித்தால் பின்னால் உள்ள அனைவரின் உறக்கமும் தள்ளிப்போகும். இதை அறியாமல் அரைமணி நேரம் ஷவரைத் திறந்துவிட்டுக் குளிக்கும் மாணவர்மீது சொல்லப்படாத வருத்தம் சேர்கிறது.

உணவு

உண்ணத் தொடங்கும்போது 'இததகிமஸ்' என்றும், முடித்தபின் 'கொச்சிஸோஸமா' என்றும் சொல்வர். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவது, தகனத்துக்குப்பின் எலும்புகளை எடுக்கும் சடங்கை நினைவூட்டுவது. இரண்டும் மேசையில் தவிர்க்கப்பட வேண்டியவை. சோற்றுக் கிண்ணத்தை ஒரு கையால், பெரும்பாலும் இடக்கையால், ஏந்தி உண்பதே நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. சாப்பாட்டில் இடக்கை படக்கூடாது என்று வளர்ந்த தமிழ் மாணவர் கிண்ணத்தை மேசையிலேயே வைத்து, குனிந்து உண்ணும்போது, அங்கே அது ஒழுங்கற்றதாகத் தோன்றும். இரண்டு வீடுகளிலும் உள்ளது மரியாதைதான். அதன் வடிவம் மட்டுமே எதிரெதிர்.

சைவ உணவு உண்போர் முன்கூட்டியே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு 'தாஷி'. இது பெரும்பாலும் உலர்த்திப் புகையூட்டிய மீனின் சீவல்களிலிருந்து எடுக்கப்படுகிறது. மிசோ சூப்பிலும், வேகவைத்த காய்கறியிலும், சாறு ஊற்றிய நூடுல்ஸிலும் அது இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாததால் 'இதில் மீன் இல்லை' என்று வீட்டார் உண்மையாகவே நம்பிச் சொல்லக்கூடும். கடற்பாசியிலிருந்தோ உலர்ந்த ஷீடாக்கே காளானிலிருந்தோ எடுக்கும் தாஷியும் உண்டு. பௌத்த மடங்களின் சைவச் சமையல் அவற்றையே பயன்படுத்துகிறது. எதை உண்பேன், எதை உண்ணமாட்டேன், எதில் விட்டுக்கொடுப்பேன் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதவேண்டும். 'எதையும் சாப்பிடுவேன்' என்று எழுதிவிட்டு, போய்ச் சேர்ந்தபின் ஒவ்வொரு வேளையும் மறுப்பது, விடியற்காலையில் எழுந்து பெண்டோ என்னும் மதிய உணவுப் பெட்டியை நிரப்பித் தரும் ஒருவரின் மனத்தை நோகச் செய்யும். மாலையில் அப்பெட்டியைப் பையிலேயே விட்டுவிடாமல், கழுவித் தருவது நன்றி சொல்லும் எளிய வழி.

மாணவர் தம் ஊர்ச் சமையலைச் செய்துகாட்டுவதைக் குடும்பங்கள் பொதுவாக விரும்புகின்றன. ஆனால் தாளிக்கும் புகையும் மசாலா மணமும் சிறிய வீட்டில் துணிகளில் தங்கும். நாளைக் கேட்டு, புகைபோக்கியைப் போட்டு, காரத்தைக் குறைத்துச் செய்தால் அந்த வேளை இரு தரப்புக்கும் இனிய நினைவாகும்.

குப்பை, குளிர், நிலநடுக்கம்

குப்பையைப் பிரிப்பது ஜப்பானிய வீட்டில் அன்றாடக் கடமை. எரியக்கூடியது, எரியாதது, பிளாஸ்டிக் உறை, பெட் பாட்டில், தகர டப்பா, காகிதம் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில் காலையில் வெளியே வைக்கவேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். தவறாகப் பிரித்த பை எடுக்கப்படாமல் அங்கேயே விடப்படும்போது, அண்டைவீட்டார் முன் தலைகுனிவது அந்தக் குடும்பமே.

ஜப்பானின் பல வீடுகளில் முழு வீட்டையும் சூடேற்றும் வசதி இல்லை. ஆள் இருக்கும் அறை மட்டுமே சூடாக்கப்படும். கொதாட்ஸு எனப்படும் சூடேற்றிய தாழ்மேசையைச் சுற்றிக் குடும்பம் கூடி அமரும். அறையைவிட்டு வரும்போது கதவைச் சாத்துவதும் விளக்கை அணைப்பதும் எதிர்பார்க்கப்படுகின்றன. குளிர்காலத்தில் தம் அறையில் தனியே ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அடைந்துகிடப்பதைவிடக் கூடத்தில் மற்றவர்களோடு இருப்பது செலவையும் தனிமையையும் ஒருசேரக் குறைக்கும்.

நிலநடுக்கம் வந்தால் எங்கே பதுங்குவது, அவசரப் பை எங்கே இருக்கிறது, அருகிலுள்ள வெளியேற்ற முகாம் எது என்பவற்றை முதல் வாரத்திலேயே கேட்டு அறியவேண்டும். பேரிடர்க் காலத்தில் 171 என்ற எண்ணில் குரல்செய்தி பதிந்து வைக்கலாம். காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119.

சொல்லும் சொல்லாததும்

பழகுவதில் மிகக் கடினமானது மொழியன்று, மொழிக்குள் மறைந்திருக்கும் தயக்கம். தம் விருப்பத்தை முன்வைத்துப் பிறருக்குத் தொல்லை தராமலிருக்கும் பண்பை ஜப்பானியர் 'என்ரியோ' என்பர். 'சொட்டோ...' என்று இழுத்து நிறுத்தினால் அது பெரும்பாலும் மறுப்பு. 'தைஜோபு' என்ற சொல் 'பரவாயில்லை' என்றும் 'வேண்டாம்' என்றும் இடத்துக்கேற்பப் பொருள்படும். தமிழிலும் 'இருக்கட்டும்' என்பது ஏற்பா மறுப்பா என்பதைக் குரல்தானே சொல்கிறது!

இரு தரப்பும் தயங்கினால் சிக்கல் வளர்கிறது. மாணவர் பசித்திருந்தும் 'போதும்' என்கிறார். குடும்பம் அதை நம்பி அளவைக் குறைக்கிறது. மாணவர் இரவு வெகுநேரம் ஊரோடு தொலைபேசியில் பேசுகிறார். குடும்பம் உறக்கம் கெட்டும் ஒன்றும் சொல்வதில்லை. சில வாரங்களுக்குப்பின் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் புகார் வரும்போது மாணவர் திகைக்கிறார். இதைத் தவிர்க்க, முதல் சில நாட்களுக்குள் கேட்டுத் தெளியவேண்டிய கேள்விகள் பல உள்ளன. இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்பவேண்டும்? இரவு உணவுக்கு வரமுடியாவிட்டால் எப்போது தெரிவிக்கவேண்டும்? குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தாமாக எடுத்துக்கொள்ளலாமா? துணியை யார், எப்போது துவைப்பார்? தொலைபேசியை எந்நேரம்வரை பயன்படுத்தலாம்? எந்தச் செலவைக் குடும்பம் ஏற்கும், எதை மாணவர் ஏற்பார்?

தாமதமாகுமானால் செய்தி அனுப்புவது இவற்றுள் தலையாயது. வயதுவராத ஒரு பிள்ளையின் பாதுகாப்புக்கு அந்தக் குடும்பம் பொறுப்பேற்றிருக்கிறது. ஒருமணி நேரம் தகவலின்றித் தாமதித்தால் அங்கே எழுவது கோபத்தைவிட அச்சமே.

மனநிலை மாற்றங்கள்

புதிய சூழலில் தோன்றும் குழப்பத்தையும் ஏக்கத்தையும் குறிக்கும் 'கலாசார அதிர்ச்சி' என்னும் கருத்தை மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950களில் பரவலாக்கினார். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்ற நார்வே நாட்டினரை ஆராய்ந்து, தொடக்க மகிழ்ச்சி, நடுவே சோர்வு, பின் மீட்சி என்னும் வளைவை முன்வைத்தார். இது இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்துவதில்லை. நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்க நாட்களே மிகக் கடினமானவையாக இருந்தது தெரியவந்தது. எனவே முதல் வாரத்திலேயே அழுகை வந்தால் அது தோல்வியன்று. ஆறாம் மாதத்தில் சோர்வு வராவிட்டால் அது வியப்புமன்று.

நாள்தோறும் பலமணி நேரம் பெற்றோரோடு காணொளியில் பேசுவது ஆறுதல் தரும். ஆனால் அந்த நேரம் முழுவதும் கூடத்தில் இருக்கும் குடும்பத்திடமிருந்து எடுக்கப்பட்டதே. ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையின் ஒவ்வொரு குறையையும் கேட்டவுடன் தாங்களே தீர்க்க முனையாமல், 'இதை அங்குள்ள அம்மாவிடம் சொன்னாயா?' என்று கேட்பது பிள்ளையை நிமிர்த்தி நிறுத்தும்.

பொருந்தாதபோது

நல்ல மாணவரும் நல்ல குடும்பமும்கூட ஒருவருக்கொருவர் பொருந்தாமல் போகலாம். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் இருப்பது இதற்காகத்தான். முதலில் அவர் இரு தரப்பையும் தனித்தனியே கேட்டு, பின் சேர்த்துப் பேசவைப்பார். தீராவிட்டால் வேறு குடும்பம் ஏற்பாடு செய்யப்படும். இது தண்டனை அன்று. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் அயல்நாட்டவர் தம் முகவரியை நகராட்சியில் பதிவு செய்யவேண்டும் என்பதால், வீடு மாறினால் 14 நாட்களுக்குள் புதிய முகவரியையும் தெரிவிக்கவேண்டும்.

பழகாத பழக்கத்தையும் பாதுகாப்பின்மையையும் பிரித்தறிவது இன்றியமையாதது. குளிக்கும் வரிசையும் உணவின் சுவையும் பழகவேண்டியவை. உணவு மறுக்கப்படுவது, அடிப்பது, அச்சுறுத்துவது, விருப்பமின்றித் தொடுவது, கடவுச்சீட்டைப் பறித்து வைப்பது ஆகியவை எந்த நாட்டின் பண்பாடும் அல்ல. இவற்றைப் பொறுத்துக்கொள்வது பணிவும் அன்று. உடனே ஒருங்கிணைப்பாளரிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ, தம் பெற்றோரிடமோ சொல்லவேண்டும். குழந்தைகள் மீதான கொடுமையைத் தெரிவிக்க ஜப்பானில் 189 என்ற எண் உள்ளது.

திரும்புதல்

1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் ஆகியோர், நாடு திரும்பியபின்னும் இதேபோன்ற தடுமாற்றம் ஏற்படுகிறது என்று எடுத்துக்காட்டினர். வாசலில் 'ததைமா' என்று வாய் தானாகச் சொல்லும், மறுமொழி வராது. ஊரில் உள்ளவர்கள் முதல் இரண்டு நாட்கள் கதை கேட்பார்கள். பிறகு அவரவர் வேலை அவரவர்க்கு.

விட்டுவந்த குடும்பத்துக்கும் ஒரு வெறுமை இருக்கும். சாப்பாட்டு மேசையில் ஓர் இடம் காலியாகியிருக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு தகவல், புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை, தேர்வு முடிவு வந்ததும் ஒரு செய்தி ஆகியவை அந்த வீட்டில் நெடுநாள் பேசப்படும். விருந்தோம்பும் குடும்பம் மாணவரிடம் எதிர்பார்க்கும் கைம்மாறு பெரும்பாலும் அவ்வளவே. விடைபெறும் நாளிலும் 'சயோனரா' என்பதைவிட 'இத்தெகிமஸ்' என்று சொல்லி வரும் மாணவர்கள் உண்டு. மீண்டும் வருவேன் என்பது அதன் பொருள்.